விலக்குக்கு ஒரு விளக்கு

வழக்கமாக நான் உங்களிடம் விதை, உரம், பூச்சி மருந்து என்றுதான் பேசுவேன். இன்றைக்குப் பேசப்போவது பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிற சோலார் விளக்கைப் பற்றி. "விவசாய ஆபீசருக்கும் பஸ் ஸ்டாப் விளக்குக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, கேளுங்கள்.

நான் வேலை பார்க்கும் வட்டாரத்தில் ஒரு சிற்றூர். ஊர் நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்தால்தான் பெரிய ரோட்டு விலக்கு. அங்கே ஒரு நிழற்குடை, அதன் மேல் ஒரு சோலார் தகடு, அதன் கீழே ஒரு விளக்கு. விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு பஸ் வரும். 1999-ஆம் ஆண்டு மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்த நாளிலிருந்து, காய்கறி போடுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட விடியற்காலை வண்டிகள்தான் கைகால் மாதிரி என்பது உங்களுக்கே தெரியும்.

போன கார்த்திகையில் ஒருநாள் அந்த ஊருக்குப் போயிருந்தேன். ஒரு பாட்டி, இரண்டு கூடை கத்தரிக்காயோடு நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார். மணி ஏழு.

"என்ன பாட்டி, இன்னும் சந்தைக்குப் போகலையா?" என்றேன்.

"நாலரை வண்டிக்கே வந்துட்டேன் சாரு. லைட்டு எரிஞ்சு மூணு வாரமாச்சு. கும்மிருட்டு, தூறல் வேற. கையைக் காட்டினேன், வண்டி நிக்காமப் போயிருச்சு. இனிமே போய் என்னத்த விக்க?" என்றார்.

அன்றைக்கு அந்தக் காயை வழியில் வந்த வியாபாரியிடம் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார். போகும்போது, "லைட்டு எரியாததுக்கு என் காய் என்னய்யா பாவம் பண்ணுச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டார்.

டிரைவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இருட்டில், மழைத் தூறலில், ஆள் நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சரி, விளக்கு ஏன் எரியவில்லை என்றாவது பார்ப்போம் என்று நானும் ஊர் இளைஞர்கள் நாலு பேரும் ஏணி வைத்து ஏறினோம். "தகடு போயிருச்சு சார், எல்லாம் மட்டமான சரக்கு" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஏறிப் பார்த்தால் தகட்டுக்கு ஒரு கேடும் இல்லை. கேடு மூன்று இடத்தில் இருந்தது. தகட்டின் மேல் விரல் வைத்தால் பதிகிற அளவுக்குப் புழுதியும் காக்கை எச்சமும். தென்பக்கத்தில் ஒரு புங்கமரம் வளர்ந்து, அதன் கிளை தகட்டின் மேல் நிழல் போட்டது. மூன்றாவது, பேட்டரிப் பெட்டியின் பூட்டு உடைந்து, உள்ளேயிருந்து ஒரு வயர் தொங்கியது. கோயில் கொடையின்போது மைக் செட்டுக்காக யாரோ இழுத்த வயர்.

இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் ஊர் விலக்கிலும் இதில் ஏதாவது ஒன்று இருக்கும்.

முதலில் தகட்டைத் தெரிந்துகொள்வோம். 1954-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் சிலிக்கான் சோலார் செல்லைச் செய்து காட்டினார்கள். அப்போது அது, மேலே விழுந்த வெளிச்சத்தில் நூற்றில் 6 பங்கைத்தான் மின்சாரமாக மாற்றியது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் நல்ல தகடு ஏறக்குறைய 20 பங்கை மாற்றுகிறது. இதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை, தேய்மானமும் மிகக் குறைவு. 25 ஆண்டு கழித்தும் நூற்றுக்கு 80 பங்கு வேலை செய்யும் என்று உத்தரவாதம் கொடுத்துத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். ஆகவே, விளக்கு எரியவில்லை என்றதும் தகட்டைத் திட்டாதீர்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. வெயில் கொளுத்தினால் கரண்டு கூடும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. தகட்டின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதன் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். அதனால்தான் தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே காற்று போகும்படி இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியில் சாக்கைத் திணிக்காதீர்கள்.

இப்போது நிழலுக்கு வருவோம். தகட்டில் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரிகிறதே, அவை ஒன்றோடொன்று வரிசையாகக் கோர்க்கப்பட்டவை. வாய்க்காலில் ஓரிடத்தில் கரை சரிந்து அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் குறைந்துபோகிறதல்லவா? அதே மாதிரி, ஒரு சதுரத்தில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் மின்ஓட்டம் குறையும். கையகல எச்சமும் நிழல்தான், ஒற்றைக் கிளையும் நிழல்தான்.

நம் தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 முதல் 13½ டிகிரிக்குள் இருக்கிறது. ஆண்டில் பெரும்பகுதி சூரியன் நமக்குத் தென்பக்கமாகவே போகிறது. ஆகவே தகடு தெற்குப் பார்த்து, 10 முதல் 15 டிகிரி வரை சாய்ந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வு இருந்தால் மழை பெய்யும்போது புழுதியும் வழிந்து போய்விடும். காலை 9 மணியிலிருந்து மாலை 3 மணி வரை தகட்டின் மேல் எந்த நிழலும் விழக்கூடாது. இதைச் சித்திரையில் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அப்போது உச்சி வெயில் நேரே தலைக்கு மேலே இருக்கும். மார்கழியில் பாருங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், தென்பக்கத்து மரத்தின் நிழல் நீளமாக வந்து விழும். அதற்காக மரத்தை வெட்ட வேண்டாம், இடைஞ்சலான கிளையை மட்டும் கழித்தால் போதும்.

துடைப்பது சுலபம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில் தகடு குளிர்ந்திருக்கும்போது, நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். உச்சி வெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். சாம்பல், மணல், கம்பி நார் ஆகாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைப் படலம் படியும். துடைத்ததும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். தகட்டின் மேல் கால் வைக்கவே கூடாது.

இனி பேட்டரி. பகலில் தண்ணீர் இறைக்கிற சோலார் பம்ப்செட்டுக்குப் பேட்டரி தேவையில்லை. இரவில் எரிய வேண்டிய விளக்குக்குப் பேட்டரிதான் குதிர். பகலில் விளைந்ததைச் சேர்த்து வைத்து இரவில் செலவு செய்கிறோம். ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 12 வாட் எல்.இ.டி. விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் செலவு 144 வாட்-மணி. 40 வாட் தகட்டுக்கு நல்ல வெயில் நாலரை மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைத்தால் வரவு 180. வழியில் ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் போனால் மிச்சம் 144. வரவும் செலவும் சரிக்குச் சரி! இதில் புழுதி கொஞ்சம், நிழல் கொஞ்சம் என்று தின்றால் விளக்கு நடுச்சாமத்தோடு அணைந்துவிடும், நாலரை மணி வண்டிக்கு இருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலே இராது. ஆகவே புது விளக்கு போடும்போது, வெயில் இல்லாமலே இரண்டு மூன்று இரவு தாங்குகிற பேட்டரியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

குதிரை அடியோடு வழித்தால் விதைக்கு நெல் இருக்காது அல்லவா? பேட்டரியும் அப்படித்தான். அடிமட்டம் வரை இறங்கவிடாமல் தடுக்கத்தான் உள்ளே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி நேராகப் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து மைக் செட்டுக்கும் செல்போனுக்கும் கொடுத்தால் பேட்டரியின் ஆயுள் போச்சு. ஈய-அமிலப் பேட்டரியாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீர் கூடாது. இந்த வகை நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரும். லித்தியம் வகைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, கூடுதல் ஆண்டுகள் உழைக்கும், விலையும் கூடுதல். எதுவானாலும் தகட்டின் ஆயுளுக்குள் பேட்டரியைப் பல தடவை மாற்றித்தான் ஆக வேண்டும். விளக்கு நட்ட அன்றைக்கே இந்தச் செலவை நினைக்காத ஊரில்தான் கம்பம் மட்டும் நிற்கிறது.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, விளக்குக் கம்பத்தில் பெயிண்டால் எழுதி வையுங்கள்: நட்ட தேதி, பேட்டரி மாற்றிய தேதி, பழுது பார்க்க வேண்டியவரின் போன் நம்பர். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு பராமரிப்பு என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு அதையும் எழுதுங்கள். இரண்டு, பேட்டரிப் பெட்டி ஆள் எட்டாத உயரத்தில், பூட்டோடு இருக்கட்டும். மூன்று, கிராம சபையில் பேசுங்கள். 2022 முதல் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை. பேட்டரி மாற்றப் பணம் ஒதுக்கும்படி தீர்மானம் போடச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே மின்கம்பம் இருந்தால், அதிலிருந்து ஒரு விளக்குப் போடுவதே சிக்கனம், அதையும் சொல்லுங்கள். கம்பி வராத விலக்குக்குத்தான் சோலார் கைகொடுக்கும்.

இதை வெறும் விளக்கு என்று நினைக்க வேண்டாம். 2021-இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. வேலைக்கும் படிப்புக்கும் போய் இரவு வண்டியில் வந்து இறங்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த வெளிச்சம் வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. காலடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்கவும் அந்த வெளிச்சம் வேண்டும்.

அந்தச் சிற்றூரில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கிளையைக் கழித்தோம், தகட்டைக் கழுவினோம். பேட்டரி தேறவில்லை. கொடைக் கணக்கில் மிஞ்சியிருந்த பணத்தைப் போட்டு ஊரார் புதிதாக வாங்கினார்கள். "மைக் செட்டு தின்ன பேட்டரியைச் சாமியே திருப்பிக் குடுத்திருச்சு" என்று பெரியவர் ஒருவர் சொல்லிச் சிரித்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடைக்கிற முறையை, நாலரை மணி வண்டிக்குப் போகிற காய்கறிக்காரர்களே தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். பாட்டிக்கு ஏணி ஏற முடியாது. அவர் முறை வரும்போது பேரன் ஏறுகிறான், பாட்டி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்கிறார். நாலரை மணி வண்டி இப்போது நின்று போகிறது.

நாளைக்கு உங்கள் விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தகட்டில் புழுதி இருந்தால், அடுத்த முறை வரும்போது ஒரு துணி கொண்டு வாருங்கள்.