ஒப்பாரிக்குத் தளை பார்க்கிறவர்கள்: வீடியோ கேம் விமர்சனமும் மார்க்கும்

(மாணவர் விடுதி ஒன்றின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் கவிதை பற்றிப் பேசி முடித்துவிட்டு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, கவிதைக்கு மார்க் போடக் கூடாதுன்னு ஒரு மணி நேரம் பேசினீங்க. கேமுக்கு மட்டும் ஏண்ணே நூத்துக்கு இவ்வளவுன்னு போடுறாங்க? அதைப் பாத்துத்தானே நாங்க எதை ஆடுறதுன்னு முடிவு பண்றோம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். மழுப்பினதற்கு அபராதமாக இந்தப் பேச்சு.

வங்கியில் கவுன்ட்டரில் உட்காருகிறவன், கவிதை எழுதுகிறவன், இவனுக்கு வீடியோ கேம் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். பள்ளிக்கூடக் காலத்தில் நான் பிரவுசிங் சென்டரில் 'ரோட் ராஷ்' ஆடியவன். பைக் பந்தயம். ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருகிறவனை உதைக்கலாம், சங்கிலியால் அடிக்கலாம், போலீசையும் உதைக்கலாம். என் அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்த தெரு ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. அந்தத் தெருவைத் தாண்டித்தான் சென்டருக்குப் போவேன். போய் உட்கார்ந்து, எவனுக்கும் இறங்காமல் வண்டி ஓட்டுவேன். அப்போது எனக்குக் கிடைத்ததை என்ன பெயரிட்டுச் சொல்வது? கிராஃபிக்ஸ், ஒலி, கட்டுப்பாடு, நீளம் என்று விமர்சகர் வைத்திருக்கிற கட்டங்களில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு கணக்கு.

2010இல் 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' வந்தது. உருவாக்கியது அமெரிக்காவின் அப்சிடியன், வெளியிட்டது பெதஸ்டா. அணுப்போருக்குப் பிந்தைய பாலைவனத்தில் எந்த அதிகாரத்தின் பக்கம் சேர்வது, எதை எதிர்ப்பது என்பதை ஆடுகிறவரே முடிவு செய்கிற வகை. மெட்டாகிரிட்டிக் தளத்தில் சராசரி 85 வந்தால் உருவாக்கியவர்களுக்கு ஊக்கத்தொகை என்பது ஒப்பந்தம். வந்தது 84. தொகை இல்லை. 2012இல் அந்த நிறுவனத்தின் கிறிஸ் அவல்லோன்தான் இதை வெளியே சொன்னார். அதே ஆண்டில் அங்கே ஆட்குறைப்பும் நடந்தது. இன்று அந்த கேமை அதன் வகையில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகப் பலரும் சொல்கிறார்கள். அதனால் யாருடைய வீட்டு வாடகையும் பின்தேதியிட்டுக் கட்டப்படப் போவதில்லை. ஒன்றரை ஆண்டு உழைத்த புரோகிராமர், படம் வரைந்தவர், வசனம் எழுதியவர் எல்லோருடைய கூலியும் ஒரே ஒரு மார்க்கில் தொங்கியிருக்கிறது. அந்த மார்க்கைப் போட்டவர்களில் யாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

அந்த 84 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மெட்டாகிரிட்டிக் 2001இல் தொடங்கியது. பல பத்திரிகைகளின் விமர்சனங்களைத் திரட்டி, எல்லாவற்றையும் நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றி, சராசரி போடுகிறது. சாதாரண சராசரி இல்லை. சில பத்திரிகைகளுக்கு எடை கூட, சிலவற்றுக்குக் குறைவு. எதற்கு எவ்வளவு எடை என்பதைச் சொல்வதில்லை. தராசு வைத்திருக்கிற கடைக்காரர் எடைக்கல்லை மட்டும் துணியால் மூடி வைத்திருக்கிறார்!

மாற்றுகிற விதத்தையும் கேளுங்கள். ஏ, பி, சி என்று கிரேடு போடுகிற பத்திரிகைகள் உண்டு. ஏ என்றால் 100. சி என்றால் 50. பி மைனஸ் என்றால் 67. அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் பி மைனஸ் வாங்கிய பையனை வீட்டில் யாரும் அடிப்பதில்லை. ஆனால் கேம் உலகத்தில் 67 என்பது சாவுச் செய்தி. ஏனென்றால் இங்கே பத்துக்கு ஏழு என்பதே 'பரவாயில்லை'தான். ஒன்றிலிருந்து அய்ந்து வரைக்குமான எண்கள் பெரும்பாலும் சும்மா கிடக்கின்றன. மெட்டாகிரிட்டிக்கே இதை ஒப்புக்கொள்கிறது. சினிமாவுக்கு 61 வாங்கினாலே பச்சை நிறம். கேமுக்கு 75 வாங்கினால்தான் பச்சை. ஒரே தளம், ஒரே நூறு, ஆனால் 61இல் கேம் மஞ்சள், சினிமா பச்சை.

சினிமாவுக்கும் கேமுக்கும் தனித்தனிக் கோடு வேண்டும் என்று புரிந்தவர்களுக்கு, கேமுக்குள்ளேயே இருக்கிற வகைமைகளுக்கு அது புரியாமல் போனதுதான் வேடிக்கை. சதுரங்கம் மாதிரி யோசிக்க வைப்பது, கால்பந்து, கொலை, விவசாயம், புதிர், காதல், சும்மா நடந்துபோவது... எல்லாம் ஒரே நூறில்.

அய்.ஜி.என். என்ற பெரிய விமர்சனத் தளம் 2006இல் 'காட் ஹேண்ட்' என்ற சண்டை கேமுக்குப் பத்துக்கு 3 கொடுத்தது. பிறகு 2008இல் 'இமேஜின் பார்ட்டி பேபிஸ்' என்ற, குழந்தைகளுக்கான சின்னச்சின்ன விளையாட்டுத் தொகுப்புக்கு 7.5 கொடுத்தது. சண்டை கேம் ரசிகர்கள் இன்றுவரை இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிரிக்கிறார்கள். 'காட் ஹேண்ட்' அவர்களுக்குக் கிட்டத்தட்டக் குலசாமி. விமர்சகர்கள் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு: மார்க் அந்தந்த வகைக்குள்ளேதான், குழந்தை விளையாட்டைக் குழந்தை விளையாட்டோடுதான் ஒப்பிட வேண்டும். நியாயமான பதில்தான். ஆனால் எண் அப்படி அடங்கி உட்காராது. 7.5 என்று எழுதிவிட்டால் அது 3க்கு மேலேதான் போய் நிற்கும். ஜப்பானின் 'ஃபமிட்சு' பத்திரிகை இதை ஓரளவு வேறு மாதிரி செய்தது. நான்கு விமர்சகர்கள், ஆளுக்குப் பத்து, மொத்தம் நாற்பது. நான்கு எண்ணும் தனித்தனியாகத் தெரியும். ஒருத்தர் 9, இன்னொருத்தர் 5 என்றால் அவர்களுக்குள் சண்டை இருக்கிறது என்று வாசகருக்கே விளங்கும். முதல் முழு நாற்பது 1998இல் 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்' என்ற வாள்வீச்சு சாகசத்துக்கு. 2005இல் 'நின்டென்டாக்ஸ்' என்ற நாய்க்குட்டி வளர்க்கிற கேமுக்கும் நாற்பதுக்கு நாற்பது. இரண்டும் சமமா? கேள்வியே தப்பு. ஆனால் எண் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது.

இதைவிட மோசம், வகையே தெரியாதவர் மார்க் போடுவது. 'ஃபுட்பால் மேனேஜர் 2009'க்கு அதே அய்.ஜி.என்.னின் அமெரிக்கப் பிரிவு பத்துக்கு 2 போட்டது. அந்த கேமில் நீங்கள் பந்தை உதைக்க மாட்டீர்கள். ஆட்டக்காரரை வாங்குவது, விற்பது, சம்பளம் பேசுவது, அணியை வகுப்பது, எல்லாம் அட்டவணையும் எண்ணும். பந்து உதைக்க வந்தவருக்கு அது லெட்ஜர் புத்தகமாகத் தெரியும். (எனக்கு லெட்ஜர் பிடிக்கும், அது வேறு கதை.) எதிர்ப்பு கிளம்பி, அந்த விமர்சனத்தையே எடுத்துவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பரிச்சயமான ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. வெண்பாவின் தளை விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பாரியைத் திருத்துகிற தமிழாசிரியர். எங்கள் பாட்டி பாடியதில் சீர் குறைகிறது என்பார். குறையத்தானே செய்யும், அழுகிறாளே.

வெண்பா என்றதும் இன்னொன்று. 'வெண்பா' என்ற பெயரிலேயே 2023இல் ஒரு கேம் வந்தது. டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேடு, இட்லி, புட்டு, பிரியாணி. குறிப்பில் அழிந்துபோன வரியை நாம் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். மகன் தமிழை விட்டு விலகிப் போவதுதான் கதை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பாராட்டிய விமர்சனங்களிலும் 'சிறியது' என்பது குறையாக வந்தது. நூறு மணி நேர கேமுக்கான மரக்காலை எடுத்து வந்து ஒன்றரை மணி நேர கேமை அளந்தால் அடியில்தான் கிடக்கும். 2024இல் பாஃப்டாவின் அறிமுக விருது அதற்குக் கிடைத்தது, அது நல்லது. எனக்கும் ஒரு கேள்வி உண்டு. எங்க அம்மா வெச்ச மாட்டுக்கறிக் குழம்பு அந்த அடுப்பில் இல்லை. அதுக்காக மார்க்கைக் குறைங்கன்னு கேக்கல. அந்தக் குடும்பம் அப்படி, அவர்கள் கதையை அவர்கள் சொல்லட்டும். ஆனால் இதுதான் தமிழ்ச் சமையல் என்று ஒரு விமர்சகர் எழுதினால் யார் வீட்டில் என்று கேட்பேன். அந்தக் கேள்வியை எண்ணால் கேட்க முடியாது, வாக்கியத்தால்தான் முடியும்.

'இது கேமே இல்லை' என்பதும் ஒரு மார்க்தான். 2013இல் 'கான் ஹோம்' என்று ஒன்று. 1995ஆம் ஆண்டு, ஆளில்லாத வீடு, ஊரிலிருந்து திரும்பி வந்த அக்கா. இழுப்பறைகளைத் திறந்து, கடிதங்களைப் படித்து, தங்கை இன்னொரு பெண்ணைக் காதலித்த கதையைத் தெரிந்துகொள்கிறாள். துப்பாக்கி இல்லை, தோல்வி இல்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 'பாலிகான்' தளம் பத்துக்குப் பத்து கொடுத்தது. ஆடுகிறவர்களில் ஒரு கூட்டம் இதற்கு 'நடைபயிற்சி' என்று நக்கலாகப் பெயர் வைத்தது. நம் எழுத்தைப் பார்த்து 'இது இலக்கியமா, வாக்குமூலமா' என்று கேட்டவர்களின் குரல் எனக்கு இதில் கேட்கிறது. பெண்ணின் காதலோ புலம்பெயர்ந்த அம்மாவின் அடுப்போ நடுவில் வரும்போதுதான் திடீரென்று இலக்கணம் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது.

அப்புறம், மார்க் போடுகிறவர் யார்? அதே 2013இல் 'ஜி.டி.ஏ. 5' வந்தது. கேம்ஸ்பாட்டில் விமர்சனம் எழுதியவர் கரோலின் பெட்டிட். பத்துக்கு 9 கொடுத்தார். கூடவே, பெண்களை இந்த கேம் கேவலப்படுத்துகிறது என்றும் எழுதினார். மூன்று நாயகர்களும் ஆண்கள், பெண்கள் பெரும்பாலும் கேலிப்பொருள். அவ்வளவுதான். வேலையை விட்டுத் தூக்கு என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அவர் திருநங்கை, வசவுகள் அதையும் சேர்த்தே வந்தன. ஒன்பது கொடுத்தவருக்கு இது! குறைந்த அந்த ஒரு மார்க்கைவிட, அது ஏன் குறைந்தது என்று எழுதியதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. 'கேமை கேமாகப் பார், அரசியலைக் கொண்டு வராதே' என்றார்கள். இந்த வாக்கியம் இங்கே யாருக்காவது புதுசா?

எந்த மெஷினில் ஆடி மார்க் போட்டார் என்பதும் உண்டு. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077'. வெளியாகும் முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கம்ப்யூட்டர் பிரதி மட்டும். ஆடும்போது தாங்களே எடுத்த காட்சிகளைக் காட்டக்கூடாது என்று நிபந்தனை வேறு. சராசரி தொண்ணூறை ஒட்டி வந்தது. பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்து வாங்கினார்கள். அவர்கள் மெஷினில் கேம் உறைந்தது, நின்றது, உருவங்கள் பாதியில் தொங்கின. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை நீக்கியது. அந்த மெஷினுக்கான சராசரி பிறகு அறுபதுக்குக் கீழே போனது. புது மெஷின் வாங்க முடிந்தவருக்கு ஒரு மார்க், முடியாதவருக்கு ஒரு மார்க். முதல் மார்க்கை நம்பி இரண்டாமவர் காசு கொடுத்தார். 90க்கு மேல் வந்தால் ஊழியர்களுக்கு போனஸ் என்ற ஏற்பாடு இங்கேயும் இருந்தது. ரகளைக்குப் பிறகு, மார்க் எதுவானாலும் தருகிறோம் என்று நிர்வாகம் இறங்கி வந்தது.

அப்படியென்றால் மார்க்கை ஒழித்துவிடலாமா? வரும்போது அந்த முடிவோடுதான் வந்தேன். தயாரிக்கும்போது ஆட்டம் கண்டுவிட்டது. 2007இல் ஜெஃப் கெர்ஸ்ட்மன் 'கேன் அண்ட் லின்ச்' கேமுக்குப் பத்துக்கு 6 போட்டார். அதன் விளம்பரம் அந்தத் தளம் முழுக்க ஒட்டியிருந்த நேரம். வேலை போயிற்று. விளம்பரம் தருகிறவர்களின் நெருக்கடிதான் காரணம் என்று 2012இல் அவரே பேசினார். அந்த 6 இல்லாமல், நாசூக்கான நாலு பத்தி மட்டும் எழுதியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. எண்ணுக்கு அந்தக் கூர்மை இருக்கிறது. யூரோகேமர் 2015இல் எண்ணை விட்டது, 2023இல் நட்சத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தது. அதோடு, ஒரு புது கேம் இங்கே நாலாயிரம், அய்யாயிரம் ரூபாய். உதவித்தொகையில் படிக்கிற பிள்ளை மூன்று பக்க விமர்சனத்தைப் படித்து ரசித்துவிட்டு வாங்கட்டும் என்று நான் சொன்னால் அது சம்பளக்காரனின் பேச்சு.

கவுன்ட்டரில் எனக்கும் இந்தச் சிக்கல் இருக்கிறது. 300லிருந்து 900 வரை சிபில் ஸ்கோர். ஒருத்தருடைய வாழ்க்கை ஒரு மூன்றிலக்க எண்ணாக வரும். நகைக்கடனுக்கு வருகிறவரும் பிள்ளை படிப்புக்கு வருகிறவரும் ஒரே மாதிரி ஆபத்து இல்லை என்று எங்களுக்கே தெரியும், அதனால்தான் கடனுக்கு ஒரு விதி என்று வைத்திருக்கிறோம். எண் என்ன சொல்லாது என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் எண்ணைப் பார்க்க முடிகிறது.

அதனால் ஒரு வேலை சொல்கிறேன். இந்த விடுதியின் சுவர்ப் பத்திரிகையில் கேமுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். மார்க் வேண்டுமானால் போடுங்கள், நான்கு பேர் தனித்தனியாகப் போடுங்கள், கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். எந்த போனில், எத்தனை மணி நேரம், யார் காசில் ஆடினோம் என்பது முதல் வரியில் வரட்டும். இந்த வகை எனக்குப் பழக்கமா, புதுசா என்பது இரண்டாவது வரியில். சண்டை கேம் ஆடுகிறவர் சமையல் கேமுக்கு எழுதலாம், ஆனால் தான் சண்டைக்காரர் என்று சொல்லிவிட்டு எழுதட்டும். முதல் இதழுக்கு 'ரோட் ராஷ்' பற்றி நானே எழுதித் தருகிறேன். அதில் அப்பாவின் சைக்கிள் வரும். மார்க் எவ்வளவு என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போது கேள்விகள். டீக்கடையில் கேட்ட தம்பி முதலில்.