கேட்கக் கற்றுத் தந்தவர்கள்

கும்பகோணத்தைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் பாட்டுக்கோ நாகஸ்வரத்துக்கோ நாட்டியத்துக்கோ சிற்பத்துக்கோ பேர்போன ஓர் ஊர் வரும். அந்த ஊர் வித்துவான்களைப் பற்றி நாம் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறோம். அவர்களைக் கேட்டும் பார்த்தும் பத்திரிகையில் எழுதியவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தக் கலை விமர்சகர்கள் என்ன செய்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், இன்றைக்கு நம் பகுதிக்கு அவர்கள் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கல்கி. 1899இல் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். அவரைப் 'பொன்னியின் செல்வன்' எழுதியவராக எல்லோருக்கும் தெரியும். 1930களில் அவரே ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் சங்கீத விமர்சனம் எழுதி, வாரந்தோறும் வாசகர்களைக் காத்திருக்க வைத்தவர். ராக லட்சணம் தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை அவர் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தார். ஆரோகணம் அவரோகணம் தெரியாதவர்களும் கடைசி வரி வரை படித்தார்கள். படித்தவர்களில் பலர் அடுத்த கச்சேரிக்குப் போய் உட்கார்ந்தார்கள். லண்டனில் பெர்னார்ட் ஷா, நாடகாசிரியராகப் புகழ்பெறும் முன்பு, 1889–90இல் 'ஸ்டார்' பத்திரிகையில் புனைபெயரில் இசை விமர்சனம் எழுதினார். காது கேளாதவர்களையும் தம் இசைப் பக்கங்களைப் படிக்க வைக்க முடிந்தது என்று சொல்லிக்கொண்டவர் அவர். கல்கி செய்ததும் அந்த வகை வேலைதான்.

கல்கி யார் பக்கமும் சேராமல் நின்றவர் என்று சொல்ல முடியாது. தமிழிசை இயக்கம் எழுந்தபோது மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று முழு மூச்சாக வாதாடினார். 1941இல் 'கல்கி' இதழை சதாசிவத்தோடு சேர்ந்து தொடங்கினார். சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி. ஒரு பாடகியின் குடும்ப நண்பரே பாட்டைப் பற்றி எழுதலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கல்கி தம் பக்கத்தை ஒளித்து வைக்கவில்லை. எங்கே நின்று பேசுகிறார் என்பது வாசகருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் அவர் சொல்வதை எடை போட்டுக்கொள்ள முடிந்தது. நட்பே இல்லாத விமர்சகர் எங்கும் கிடைக்க மாட்டார். நட்பை மறைக்காத விமர்சகர் கிடைத்தால் போதும்.

அடுத்தவர் ஈ. கிருஷ்ணய்யர். கல்லிடைக்குறிச்சிக்காரர், சென்னையில் வக்கீல், மியூசிக் அகாடமியின் செயலாளர்களில் ஒருவர், பத்திரிகைகளில் இசை, நாட்டிய விமர்சனம் எழுதியவர். நம் பகுதிக்கு அவர் செய்தது பெரிய காரியம். தேவதாசிகள் ஆடிவந்த சதிர் (பிற்காலப் பரதநாட்டியம்) இழிவு, அதை ஒழிக்க வேண்டும் என்று படித்தவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கிருஷ்ணய்யர் அந்த ஆட்டத்தைத் தாமே கற்றுக்கொண்டார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் மெலட்டூர் நடேசய்யர். கிருஷ்ணய்யர் பெண் வேஷம் கட்டி மேடையேறி ஆடிக் காட்டினார். 1931இல் திருவாளப்புத்தூர் கல்யாணியின் பெண்களை மியூசிக் அகாடமி மேடையில் ஆட வைத்தார். 1932இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கும் அவருக்கும் பத்திரிகைகளில் கடிதப் போரே நடந்தது. தேவதாசி முறையால் பெண்கள் பட்ட துன்பத்தை அந்த அம்மையார் எடுத்துச் சொன்னது முழுக்க உண்மை. அந்தத் துன்பத்தோடு சேர்த்துக் கலையையும் புதைத்துவிடக்கூடாது என்று கிருஷ்ணய்யர் சொன்னதிலும் உண்மை இருந்தது. இன்றைக்குப் பரதநாட்டியம் உலகம் முழுக்க ஆடப்படுகிறது என்றால், அதற்கு ஆடியவர்களும் நட்டுவனார்களும் முதல் காரணம். பத்திரிகையில் பேனா பிடித்து நின்றவருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் பரம்பரையாக ஆடிவந்த குடும்பங்கள் பிற்பாடு மேடையை விட்டு ஒதுக்கப்பட்டன. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

மூன்றாமவர் சுப்புடு. 1942இல் யுத்தத்துக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களில் ஒருவர். தில்லியில் மத்திய அரசு உத்தியோகம் பார்த்துக்கொண்டே 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் பல பத்தாண்டுகள் எழுதினார். ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்த கை அது. எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் சுருதி விலகினால் விலகியது என்று எழுதிவிடுவார். அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால் மேடையில் இருப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும் என்பார்கள். அந்தப் பயத்தால் நன்மையும் விளைந்தது, கெடுதலும் விளைந்தது. ஒரு வாக்கியத்தின் கூர்மைக்காக ஒரு கலைஞரின் மனசு புண்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. கிண்டல் வாசகருக்கு நினைவில் நிற்கும். பாட்டில் எந்த இடத்தில் என்ன தவறியது என்பது மறந்துபோகும். விமர்சகர் கவனமாக இருக்கவேண்டிய இடம் அது.

நான்காமவர் நம் உடையாளூர்க்காரர், வெங்கட் சாமிநாதன். 1933இல் பிறந்தார். கும்பகோணம் பாணாதுரை உயர்நிலைப் பள்ளியில் படித்தார். வேலை தேடி ஜாம்ஷெட்பூருக்கும், அங்கிருந்து ஹிராகுட் அணைக்கட்டுக்கும், பிறகு தில்லிக்கும் போனார். சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' பத்திரிகையில் அவர் எழுதிய 'பாலையும் வாழையும்' தமிழ் விமர்சன உலகத்தை உலுக்கிவிட்டது. இலக்கியம் மட்டும் தனித்துச் செழிக்காது, ஓவியம் பார்க்கத் தெரியாத, சங்கீதம் கேட்கத் தெரியாத, கூத்தை மதிக்கத் தெரியாத சமூகத்தில் நல்ல எழுத்தும் வராது என்பது அவர் கடைசிவரை பிடித்து நின்ற கருத்து. அதனால்தான் தெருக்கூத்து, பாகவத மேளா, நவீன ஓவியம், சினிமா என்று எல்லாவற்றையும் பற்றி எழுதினார். ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரகாரத்தில் கழுதை' படத்துக்குத் திரைக்கதையும் எழுதினார். கனடா இலக்கியத் தோட்டம் 2003க்கான இயல் விருதை அவருக்குத் தந்தது. நாளிதழ்கள் அவருக்குக் கொடுக்காத இடத்தைச் சில நூறு பேர் படிக்கும் சிறுபத்திரிகைகள் கொடுத்தன.

இந்த நால்வரின் பிழைப்பையும் பாருங்கள். ஒருவர் பத்திரிகை ஆசிரியர், ஒருவர் வக்கீல், இரண்டு பேர் அரசு ஊழியர். விமர்சனத்தை மட்டும் நம்பி அடுப்பெரித்தவர் ஒருவரும் இல்லை. சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்ததால் சபாக்காரரின் முகத்தையும் வித்துவானின் முகத்தையும் பார்க்காமல் எழுத முடிந்தது. ஆனால் பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்தவர் ராத்திரியில்தான் கச்சேரிக்குப் போகவும் எழுதவும் முடியும். லீவு கிடைத்தால்தான் வெளியூர் போகலாம். ஆகவே நம் பத்திரிகை விமர்சனம் சென்னை, தில்லி போன்ற நகரங்களின் மண்டபங்களைச் சுற்றியே வளர்ந்தது. மார்கழி வந்தால் பக்கம் பக்கமாக வரும். தை பிறந்தால் காணாமல் போகும்.

இதில் நஷ்டப்பட்டது நம் பகுதிதான். கும்பகோணத்தில் ஒரு கோயில் உற்சவம் நடந்தால் மறுநாள் பத்திரிகையில் என்ன வருகிறது? சுவாமி வீதியுலா சிறப்பாக நடைபெற்றது, திரளான பக்தர்கள் தரிசனம் செய்தார்கள், ஏற்பாடுகளை இன்னார் செய்திருந்தார்கள். அவ்வளவுதான். நாகஸ்வரம் வாசித்தவர் பெயர் இருந்தால் பெரிய விஷயம்.

அதே வீதியுலாவுக்கு ஒரு விமர்சகர் போயிருந்தால் எதையெல்லாம் கேட்டிருப்பார்? சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. அதில் சாகித்தியம் கிடையாது. லயத்தின் கம்பீரம்தான் எல்லாம். திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் கொண்டுவரும்போது வாசிக்கும் தீர்த்த மல்லாரி வேறு, நைவேத்தியத்துக்கான தளிகை மல்லாரி வேறு, தேர் மல்லாரி வேறு. இன்றைக்கு வாசித்தது எது, அதைக் காலம் மாற்றி மூன்று காலத்திலும் வாசித்தார்களா, அல்லது அவசர அவசரமாக முடித்தார்களா? தவில்காரர் நாகஸ்வரத்துக்கு இடம் விட்டு வாசித்தாரா, முட்டி மோதினாரா? வீதி திரும்பியதும் எந்த ராகத்தை எடுத்தார்கள், எவ்வளவு நேரம் ஆலாபனை செய்தார்கள்? ஜனங்கள் நின்று கேட்டார்களா? இத்தனையும் நாற்பது வரியில் எழுதிவிடலாம். படித்தவர் அடுத்த உற்சவத்தில் சுவாமிக்கு முன்னால் நடக்கும் அந்த மனிதர்களைக் கவனிப்பார். கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் வாசிக்கிறவரும் கூடுதலாக அரை மணி நேரம் சாதகம் செய்வார்.

நாகஸ்வரத்தோடு விஷயம் நின்றுவிடவில்லை. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி ஆண்களே எல்லா வேஷமும் கட்டி நடத்தும் பாகவத மேளா இருக்கிறது. சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் இன்றைக்கும் விக்கிரகம் செய்கிறார்கள். கும்பகோணத்திலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த பிள்ளைகள் வரைவதைப் பற்றி நான்கு வரி எழுத ஆள் இல்லை. ஒரு விக்கிரகத்தின் அளவுப் பிரமாணம் சரியாக வந்திருக்கிறதா, முகத்தில் களை வந்திருக்கிறதா என்று ஸ்தபதிகள் தங்களுக்குள் மணிக்கணக்காகப் பேசிக்கொள்வார்கள். வாங்குகிறவருக்கும் வணங்குகிறவருக்கும் அதில் கொஞ்சமாவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

கேட்கத் தெரிந்தவர்களுக்கு நம் ஊரில் என்றைக்கும் பஞ்சம் இல்லை. சன்னதித் தெருவில் நின்றபடியே தோடியில் காந்தாரம் சரியாக அசைந்ததா என்று சொல்லக்கூடிய பெரியவர்களை நான் அறிவேன். அவர்கள் சொன்னது தெருவோடு போய்விடுகிறது, அச்சில் ஏறுவதில்லை. ஆகையால் மூன்று தரப்பாரிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகை ஆசிரியர்களே, மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு பத்தியைக் கலை விமர்சனத்துக்கு ஒதுக்குங்கள். எழுதுகிறவருக்கு பஸ் செலவோடு கௌரவமான சன்மானமும் கொடுங்கள். கல்லூரி ஆசிரியர்களே, மாணவர்களை ஓர் உற்சவத்துக்கோ கண்காட்சிக்கோ அனுப்பி, கேட்டதையும் பார்த்ததையும் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். விஷயம் தெரிந்த ரசிகர்களே, வாயால் சொல்வதைப் பேனாவாலும் சொல்லுங்கள். நன்றாக இருந்தது என்பதோடு நிறுத்தாமல் எந்த இடம் நன்றாக இருந்தது என்று எழுதுங்கள். கல்கியும் சாமிநாதனும் இந்தக் காவிரிக் கரையில் பிறந்தவர்கள். வெளியூரில் இருந்துதான் எழுதினார்கள். அடுத்து வருகிறவர் இங்கேயே இருந்து எழுதட்டும்.