எண்ணிக்கை ஒத்தால் போதுமா?

நிறுவனத் தரவுக் கிடங்குகளைப் புதிய தளங்களுக்கு மாற்றுவது நம் மாநாட்டுப் பொருள். டெவ்லினும் மர்ஃபியும் 1988இல் வரைந்த கட்டமைப்பு, இன்மன்-கிம்பால் விவாதம், அதன்பின் வந்த மேகத் தளங்களான ரெட்ஷிஃப்ட், ஸ்னோஃப்ளேக் எல்லாம் நீங்கள் அறிந்தவை. அமேசானின் நுகர்வோர் வணிகப் பிரிவு 2019 அக்டோபரில் தன் கடைசி ஆரக்கிள் தரவுத்தளத்தை மூடியபோது, ஏறத்தாழ 7,500 தரவுத்தளங்களிலிருந்து 75 பெட்டாபைட் இடம்பெயர்ந்திருந்தது. செலவு 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. எனவே மாறலாமா என்று வாதிட நான் வரவில்லை. சரியாக மாறிவிட்டோம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

பரவலாக ஏற்கப்பட்ட விடை ஒன்று உண்டு: பழைய டேபிளில் எத்தனை வரிசையோ புதியதிலும் அத்தனை, தொகைகளின் கூட்டலும் ஒத்துப்போகிறது, ஆகவே வேலை முடிந்தது. இந்த விடையைப் பல காலமாகப் போற்றிவரும் சகாக்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் விடையை ஏற்க முடியவில்லை. கிடங்கில் இருப்பவை ஒத்திருந்தும், அது சொல்லும் பதில்கள் மாறிவிடக்கூடும். டெராடேட்டா என்னும் பழைய கிடங்குத் தளத்தின் இயல்பான அமர்வில், ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிய ஊர்ப்பெயரும் சிறிய எழுத்தில் எழுதியதும் ஒன்றே. ஸ்னோஃப்ளேக்கில் அவை இரண்டு ஊர்கள். வரிசை எண்ணிக்கை பிசகாது, ஊர்வாரி விற்பனை அறிக்கை பிசகும். முழு எண்ணாகிய 1ஐ 2ஆல் வகுத்தால் டெராடேட்டா 0 தரும், ஸ்னோஃப்ளேக் 0.5 தரும். டெராடேட்டாவின் ‘செட்’ வகை டேபிள், இன்னொரு டேபிளிலிருந்து வரும் முற்றிலும் ஒத்த வரிசைகளைச் சொல்லாமலே உதறிவிடும். ரெட்ஷிஃப்டும் ஸ்னோஃப்ளேக்கின் வழக்கமான டேபிள்களும் முதன்மைச் சாவியை அறிவிக்க விடுமே தவிர, அதைக் காப்பதில்லை. மாற்றிய அன்று ஒத்த கணக்கு, மறுநாள் இரவுப் பணி இரட்டை வரிசைகளை நுழைத்ததும் ஒவ்வாது. ஆரக்கிளுக்கு வெற்றுச் சரமும் மதிப்பில்லை என்னும் ‘நல்’லும் ஒன்றே, ரெட்ஷிஃப்டுக்கு வேறுவேறு, தொலைபேசி எண் இல்லாத வாடிக்கையாளர் எத்தனை பேர் என்றால் இரு பதில்கள் கிடைக்கும். தமிழில் முகவரி வைத்திருப்போருக்கு இன்னொரு சிக்கல். ரெட்ஷிஃப்டில் எழுத்துப் புலத்தின் நீளம் பைட்டில் அளக்கப்படுகிறது; யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘தமிழ்நாடு’ என்ற பெயருக்கே 27 பைட் தேவை. நீளம் 20 என்று அப்படியே நகலெடுத்து, மிகுவதை நறுக்கி ஏற்றச் சொல்லியிருந்தால், எண்ணிக்கை ஒக்கும். பெயர் பாதியில் நிற்கும்.

ஆகவே சோதனைக்குரிய முதல் மூலம் பழைய கிடங்கின் வினவல் பதிவேடு. வடிவமைப்பு ஆவணம் எழுதிய நாளின் எண்ணத்தையே காட்டும். நிதிப்பிரிவு மாதக்கடைசியில் என்ன கேட்கிறது, எந்த டேபிளை எவரும் தொடுவதில்லை என்பதெல்லாம் பதிவேட்டில்தான் தெரியும். அந்த வினவல்களை இரு தளங்களிலும் ஓட்டி, விடைகளை ஒப்பிட வேண்டும். நம் துறை நூல்களில் இம்மூலத்துக்கு ஓர் அடிக்குறிப்பளவு இடமே கிடைத்திருக்கிறது. அது நிலைத்து நிற்பதும் இல்லை: ஆரக்கிளின் பணிச்சுமைக் களஞ்சியம் இயல்பாக 8 நாள் விவரத்தையே வைத்திருக்கும், அதுவும் கனமான வினவல்களை மட்டும். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு சேகரிக்கத் தொடங்கினால், முந்தைய மார்ச் நிதியாண்டு முடிவுக் கணக்கு ஏற்கனவே போயிருக்கும்.

பழைய பிழைகளையும் சுமந்து போகவா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வகுத்தல் 0 தந்தது பிழையாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கொண்டு ஊக்கத்தொகை கணக்கிட்டிருந்தால், திருத்துவதா என்பதை அத்துறைதான் தீர்மானிக்க வேண்டும். வினவல்களைப் புதிய தளத்துக்கு மொழிமாற்றும் மென்பொருள் தன்போக்கில் தீர்மானிக்கக் கூடாது. அம்மென்பொருள்கள் தொடரமைப்பை நன்றாகவே மாற்றுகின்றன. பழைய தளத்தின் எழுதப்படாத வழக்கங்களை அவை எங்கே படிக்கும்?

இரு கிடங்குகளையும் நெடுநாள் ஒருங்கே ஓட்டுவது கட்டுப்படியாகாது என்பது அடுத்த தடை. இது பழைய விவாதம்: 1995இல் பிராடியும் ஸ்டோன்பிரேக்கரும் படிப்படியான மாற்றத்தை வலியுறுத்தினர். பழையதையும் புதியதையும் இணைக்கும் வாயில்கள் தாங்கமுடியாத சிக்கல் என்று 1997இல் டப்ளினிலிருந்து ‘பட்டர்ஃபிளை’ முறையினர் மறுத்தனர். அன்றாடப் பரிவர்த்தனை அமைப்புகளுக்கு அம்மறுப்பு வலுவானதே. தரவுக் கிடங்குக்கு அதை அப்படியே பொருத்தியது, மன்னிக்கவும், நம் பாடநூல்களின் குறை. கிடங்கில் தரவு ஒருவழியாகவே வருகிறது. ஒரே மூலத்திலிருந்து இரண்டையும் நிரப்பலாம், இருவழி ஒத்திசைவு தேவைப்படாது. மிஞ்சுவது உரிமக் கட்டணம்தான்.

அதைச் சேமிக்கத் துணிவோர் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியைப் பார்க்கட்டும். அங்கே மாற்றியது மைய வங்கித் தளம், கிடங்கு அன்று. ஆயினும் பாடம் நமக்குரியது. 2018 ஏப்ரலில் பெரும்பகுதியை ஒரே வீச்சில் மாற்றினார்கள். தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது என்று ஒழுங்குமுறை அமைப்பே பதிவு செய்தது. தளம் உடனே தடுமாறியது. 2022 டிசம்பரில் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்ட். எண்ணிக்கை ஒத்ததை வெற்றியாகக் கொள்வோருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியாது.

ஆகவே ஒரு மார்ச் முடிவும் அதன் தணிக்கையும் இரு தளங்களிலும் கடக்கும்வரை பழைய கிடங்கை மூடக் கூடாது என்பது என் நிலைப்பாடு. இன்று கட்டுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள்: எத்தனை டெராபைட் நகர்த்தினீர்கள் என்பதோடு, எத்தனை பழைய வினவல்களை இருபுறமும் ஓட்டிப் பார்த்தீர்கள், எத்தனை ஒவ்வவில்லை, அந்த வேறுபாட்டுக்கு எந்தத் துறையின் பொறுப்பாளர் ஒப்பமிட்டார் என்பதையும் அவைக்குச் சொல்லுங்கள்.