கதவோரம் இருப்பவர்களைக் கவனியுங்கள்



நான் தாதிப் பயிற்சி பெற்ற ஊரில் பனி இல்லை. ஒருவர் நான்கு நாள் வெளியே வராவிட்டால் அயலார் கதவைத் தட்டுவார்கள். ரொறன்ரோவில் பனிக்காலம் அதை மறைத்துவிடுகிறது. மே மாதம் வந்த பின்னும் ஒருவர் பஸ், கடை வரிசை, கூட்டம் எல்லாவற்றையும் தவிர்த்தால், ஆராதனைக்கு வந்தாலும் கதவோரக் கதிரையையே தேடினால், அது அகோராபோபியாவாக இருக்கலாம்.

1871இல் பெர்லின் வைத்தியர் வெஸ்ட்பால் வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் அகோரா என்றால் சந்தை. ஆனால் பயம் சந்தைக்கு அல்ல. நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால் அங்கிருந்து தப்ப முடியாதே, உதவிக்கு யாரும் இல்லையே என்பதற்குத்தான்.

விசுவாசக் குறைவு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஜெபியுங்கள், குடும்ப வைத்தியரிடமும் கூட்டிச் செல்லுங்கள். ஒன்ராறியோ ஸ்ட்ரக்சர்ட் சைக்கோதெரபி என்ற அரச திட்டத்தில் பெரியவர்களுக்குச் சிகிச்சை இலவசம். 211ஐ அழைத்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் தமிழிலும் விசாரிக்கலாம்.

சிகிச்சையில் முதலில் வாசல், பிறகு தெருமுனை, பிறகு ஒரு பஸ் தரிப்பு என்று போகப் பழக்குவார்கள். பயம் ஏறித் தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். சிலருக்கு மருந்தும் தேவைப்படும். ஆனால் அவருடைய சாமானையெல்லாம் நாமே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால் நோய்க்குத்தான் வசதி.

பிள்ளைகளே, அம்மம்மா தெருமுனையில் நின்று "திரும்பிப் போவோம்" என்றால் சிரிக்காதீர்கள், இழுக்கவும் வேண்டாம். கையைப் பிடித்து, "கொஞ்சம் நிற்போம், அம்மம்மா" என்று சொல்லுங்கள். போன கிழமையைவிட இரண்டு வீடு தள்ளிப் போயிருந்தால், வந்து அம்மாவிடம் சொல்லுங்கள்.