மறைத்த நோயும் கேளாத உரிமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வருமான வரியையும் மனநோயையும் சேர்த்துப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபொழுது, விழாக் குழுவினர் சற்றுத் தயங்கினர். மங்கலமான நாளில் இப்பேச்சு எதற்கு என்று எண்ணியிருக்கலாம். அந்தத் தயக்கமே இன்றைய என் பொருள்.

இச்சங்கம் தோன்றிய நாளில் நம் தெருக்களில் வருமான வரி செலுத்துவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வங்கி அலுவலர்கள் இருக்கிறார்கள். இரயில்வேயிலும் மின்வாரியத்திலும் மென்பொருள் நிறுவனங்களிலும் பணிபுரிவோர் இருக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பெற்றவர் அவர். அவர் தோளில் தாய் தந்தையர், படிக்கும் தம்பி, மணமாக வேண்டிய தங்கை ஆகிய எல்லோரும் இருக்கின்றனர். சில வீடுகளில் இன்னொருவரும் இருக்கிறார். விருந்தினர் வந்தால் பின்கட்டுக்கு அனுப்பப்படுபவர். திருமணப் பத்திரிகையில் பெயர் விடுபட்டவர். 'அவனுக்கு உடம்பு சரியில்லை' என்ற ஒரு வாக்கியத்தோடு அவரைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும்.

அவருக்கு மனச்சிதைவு நோய் இருக்கலாம். இருமுனை மனநோயோ எண்ணச் சுழற்சி நோயோ இருக்கலாம். இவை மாற்றுத்திறன் என்னும் வகைக்குள் அடங்கும் என்பது நம்மிற் பலருக்குத் தெரியாது. கால் இழந்தவரையும் கண் இழந்தவரையும் சட்டம் அறியும். மனம் நொந்தவரைச் சட்டம் எப்படி அறியும் என்று கேட்கிறார்கள். 1995-ஆம் ஆண்டுச் சட்டமே மனநோயை ஊனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அப்பொழுது பட்டியலில் இருந்தவை ஏழு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை இருபத்தொன்றாக விரித்தது. மனநோய் அதிலும் உண்டு. ஆகவே நான் சொல்லப்போவது எவரிடமும் கெஞ்சிப் பெறும் சலுகை அன்று.

இனி வரிக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80-யூ என்றொரு பிரிவும் 80-டிடி என்றொரு பிரிவும் இருந்தன. முன்னது, வரி செலுத்துபவரே மாற்றுத்திறனாளியாக இருந்தால் அவருக்கு. பின்னது, அவரைச் சார்ந்து வாழும் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் இவர்களுள் ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால், அவரைப் பேணுபவருக்கு. சித்தப்பாவும் மாமாவும் இதில் வரமாட்டார்கள். நம் கூட்டுக் குடும்பங்களைச் சட்டம் முழுதாக அறியவில்லை. 40 விழுக்காடு பாதிப்பு இருந்தால் 75,000 ரூபாயும், 80 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் 1,25,000 ரூபாயும் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். 2015-16 நிதியாண்டு முதல் இத்தொகைகள் இவ்வாறே நிற்கின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் பிரிவுகளின் எண்களை மாற்றியிருக்கிறது, உரிமையை எடுத்துவிடவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எவ்வளவு செலவு செய்தாய் என்று இங்கே கணக்குப் பார்ப்பதில்லை. 80-டிடி பிரிவில் மருத்துவம், பராமரிப்பு, பயிற்சி ஆகியவற்றுக்கு ஏதேனும் செலவு செய்திருக்க வேண்டும். ஆனால் கழிவு முழுத் தொகைக்கே. 80-யூ பிரிவில் அச்செலவும் வேண்டுவதில்லை. 'உழைத்துச் சம்பளம் வாங்குகிறவன் எப்படி ஊனமுற்றவன் ஆவான்?' என்று ஒரு தணிக்கையாளரே என்னிடம் வினவியதுண்டு. சட்டம் கேட்பது நாற்பது விழுக்காடு, நூறு அன்று. பணி என்பது அளக்கப்படும் நான்கு துறைகளுள் ஒன்றே ஒன்று.

அந்த நான்கையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம்மவர்கள் தோற்றுத் திரும்பும் இடம் இதுதான்.

இரத்தத்தை எடுத்துச் சோதித்து மனநோயின் அளவைக் கூற இயலாது. ஆகையால் இந்திய மனநல மருத்துவர் சங்கம் ஓர் அளவுகோலை வகுத்தது. ஐடியாஸ் என்று அதனை அழைப்பர். தன்னைத் தான் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை செய்தல் என நான்கு துறைகள். வேலை என்றால் அலுவலக வேலை மட்டுமன்று. வீட்டு வேலையும் படிப்பும் அதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண். கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை மாதங்கள் நோய் வாட்டியது என்பதற்குத் தனியே ஒன்று முதல் நான்கு வரை. பதினெட்டு மாதங்களுக்கு மேல் என்றால் நான்கு. ஆக மொத்தம் இருபது. அதில் ஏழு வந்தால் நாற்பது விழுக்காடு என்று கொள்வர். நோயின் பெயர் என்ன என்பதைவிட, அந்நோய் ஒரு நாள் வாழ்க்கையை எவ்வாறு குலைக்கிறது என்பதே இங்கு எடைபோடப்படுகிறது.

இப்பொழுது ஒரு தாய் தன் மகனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையிலேயே அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, அண்ணனின் வெள்ளைச் சட்டையை அணிவித்து அழைத்துச் செல்கிறாள். பெரிய டாக்டரைப் பார்க்கப்போகிறோம். மரியாதையாகப் போகவேண்டும் என்பது அவள் எண்ணம். அழுக்குச் சட்டையோடு போனால் நம்மை எப்படி நடத்துவார்கள் என்பதை நம் முன்னோர் பட்டறிந்திருக்கிறார்கள். அந்த நினைவும் அவள் கைகளில் இருக்கிறது. மருத்துவர் கேட்கிறார்: 'தானாகக் குளிப்பாரா?' 'குளிப்பான் ஐயா.' 'சாப்பிடுவாரா?' 'நன்றாகச் சாப்பிடுவான் ஐயா.' 'வெளியே போய் வருவாரா?' 'கடைக்குப் போவான் ஐயா.' மதிப்பெண் சுழியத்துக்கு அருகே நிற்கிறது. தாய் பொய் சொல்லவில்லை. ஆனால் நான்கு முறை கெஞ்சி, ஐந்தாம் முறை அழுத பிறகே அவன் குளியலறைக்குப் போவான் என்பதைச் சொல்லவில்லை. தட்டில் சோற்றை வைத்து முதற்கவளத்தைத் தானே உண்டு காட்டினால்தான் அவன் உண்பான் என்பதைச் சொல்லவில்லை. கடைக்குப் போனவன் பாதி வழியில் நின்றுவிட, தங்கை தேடிப் போய் அழைத்து வந்த நாட்களைச் சொல்லவில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் அந்த வீடே அவனுக்குக் கைத்தடியாக நிற்கிறது. அந்தக் கைத்தடி மருத்துவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே படித்த இளைஞர்கள் ஒன்று செய்யுங்கள். மருத்துவரிடம் செல்வதற்கு முன் ஒரு மாத காலம், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நாள்தோறும் நடப்பதை எழுதி வாருங்கள். எழுந்த நேரம், எத்தனை முறை சொல்லிப் பல் துலக்கினார், உறங்காத இரவுகள், மருந்து உண்ண மறுத்த நாட்கள், வேலைக்குப் போய்ப் பாதியில் திரும்பிய நாட்கள். நல்ல நாட்களையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். மிகைப்படுத்தச் சொல்கிறேன் என எவரும் எண்ணிவிடக் கூடாது. மருந்தினால் தெளிந்து, தம் வேலையைத் தாமே பார்க்கும் ஒருவருக்கு நாற்பது விழுக்காடு வராமல் போகலாம். அது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. நான் கேட்பதெல்லாம் உள்ளதைக் குறைத்துச் சொல்லாதீர்கள் என்பதுதான். பழைய மருந்துச் சீட்டுகள், மருத்துவமனையில் தங்கியதற்கான ஆவணங்கள் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மதிப்பீடு நடைபெறும். தனித்துவ அடையாள அட்டைக்கும் அதுவே வழி. முடிவு தவறென்று தோன்றினால் மேல்முறையீட்டுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தந்துள்ளது.

நாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சான்றிதழ் அந்த நிதியாண்டுக்குள் கிடைத்திருக்க வேண்டும். மார்ச்சு 20-இல் கிடைத்தாலும் முழு ஆண்டுக் கழிவு உண்டு. ஏப்ரல் 2-இல் கிடைத்தால் கடந்த ஆண்டு போனது போனதுதான். கனடா நாட்டில் இத்தகைய வரிச் சலுகையைப் பத்து ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கோரலாம். நம் சட்டத்தில் அந்தத் தாராளம் இல்லை. மேலும், மனநோய்க்குப் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கென்றே சான்று தருவர். காலம் முடிந்த ஆண்டு வரை கழிவு செல்லும். அடுத்த ஆண்டுக்குப் புதிய சான்று வேண்டும். காலாவதித் தேதியைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள்.

இதனால் எவ்வளவு மிச்சமாகும் என்று சிலர் கேட்கக்கூடும். உண்மையைச் சொல்ல வேண்டும். இக்கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு; 2023-24 நிதியாண்டு முதல் இயல்பாக நமக்குப் பொருந்துவது புதிய முறை. புதிய முறையில், 2025-26 நிதியாண்டின்படி, சம்பளம் 12,75,000 ரூபாய் வரை வரியே இல்லை. அந்த எல்லைக்குள் இருப்பவர் வரிக்காக இந்தச் சான்றிதழைத் தேட வேண்டுவதில்லை. அதற்கு மேல் இருப்பவர் இரண்டு முறைகளிலும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பதினைந்து இலட்சம் சம்பளம் பெறும் ஒருவர். பணியிடத்தில் வாடகை வீடு, சொந்த ஊரில் கடன் பெற்றுக் கட்டிய வீடு, சேமநல நிதி ஆகியவற்றைக் கழித்தபின் பழைய முறையில் ஒன்பது இலட்சம் வரிக்குரியதாக நிற்கிறது என்று கொள்வோம். அவருக்கு வரி 96,200 ரூபாய். புதிய முறையில் 97,500. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. தம்பிக்குச் சான்றிதழ் இருந்தால் அது 80,600 ஆகக் குறைகிறது. பாதிப்பு 80 விழுக்காடு என்றால் 70,200. அந்த வேறுபாடு, தம்பியின் பல மாத மருந்துச் செலவு.

'அலுவலகத்தில் தெரிந்துவிடுமே' என்ற அச்சம் பெரிது. சாதியின் பெயரால் ஏற்கனவே ஓரக்கண்ணால் பார்க்கப்படுபவர், இன்னொரு பெயரையும் சுமக்க அஞ்சுவதில் வியப்பில்லை. ஆனால் இக்கழிவை அலுவலகத்தில் அறிவித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆண்டு முடிந்தபின் நேரே வருமான வரிப் படிவத்தில் கோரலாம். அதிகம் பிடித்த வரி திரும்ப வரும். பக்கத்து மேசைக்காரர் அறிய வேண்டியதில்லை. அரசுப் பணியில் இருப்பவர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனால், அதன் பொருட்டு அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ, நோயாளியின் விவரம் காக்கப்படுவதை அவர்தம் உரிமையாக்கியிருக்கிறது.

வரி எல்லைக்குக் கீழே இருப்பவர்களும் சான்றிதழைப் பெற்று வைக்க வேண்டும் என்பேன். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் பணியாற்றிய பெற்றோரின் பிள்ளை, மனநோயால் பிழைப்புத் தேட இயலாதவராயின், குடும்ப ஓய்வூதியம் அவர் வாழ்நாள் முழுவதும் கிடைக்க விதி உண்டு. தாய் மறைந்த பிறகு ஆவணங்களைத் தேடி அலைந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். உயர்கல்வியில் ஐந்து விழுக்காடும் அரசுப் பணியில் நான்கு விழுக்காடும் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியவை. பணியிடங்களில் மனநோய்க்கும் அதில் பங்குண்டு. ஆதிதிராவிடர் சான்றிதழும் இதுவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஒரே மாணவர் இரண்டையும் கையில் வைத்திருக்கலாம்.

ஒரு காலத்தில் சாதிச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலக வாசலில் நிற்பதற்கும் நம்மவர் சிலர் கூசினார்கள். நிற்கக் கூடாது, இது உரிமை, நிமிர்ந்து கேள் என்று வீடு வீடாகச் சென்று சொன்னவர்கள் இச்சங்கத்தின் பெரியவர்கள். அந்த வாசலைக் கடந்துதான் இம்மண்டபத்தில் உள்ள பட்டதாரிகள் வந்திருக்கிறார்கள். அதே கூச்சம் இப்பொழுது மனநலப் பிரிவின் வாசலில் நிற்கிறது. அந்தக் கூச்சத்தின் விலை சில ஆயிரம் ரூபாய் வரி மட்டுமன்று. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபொழுது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். அவர்களும் வீடுகளிலிருந்து சென்றவர்களே.

சங்கத்தின் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் ஒன்று. மாணவர்களுக்குச் சாதிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித் தர நம் நூலக அறையில் ஞாயிறுதோறும் இருவர் அமர்கிறார்கள். அந்த மேசையிலேயே மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான விண்ணப்பத்தையும் வையுங்கள். வருபவரின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டாம். ஜூலை மாதத்தில் வரிப் படிவம் நிரப்பத் தெரிந்த நம் பிள்ளைகள் இருவர் வந்து உடன் அமரட்டும். இந்த ஆண்டுக்கான சான்றிதழ் மார்ச்சு 31-க்குள் கையில் இருக்க வேண்டும் என்பதால், அறுவடை முடியட்டும், பண்டிகை கழியட்டும் என்று தள்ளிப்போடாமல் வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.