பாழ்பட்ட பட்டணமும் பலி கேட்ட ஏரியும்

 

பாழ்பட்டுப் போன தலைநகரங்களைப்பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். பைபிளில் நினிவே என்றொரு பட்டணம் வருகிறது. அசீரிய அரசர்களின் தலைநகரம். அது கடவுள் கோபத்தால் அழிந்ததாகப் பாதிரிமார் சொல்லுவார்கள். சரித்திரமோ, கி.மு. 612-இல் பாபிலோனியரும் மீதியரும் படையெடுத்து வந்து அழித்தார்கள் என்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்கு வடக்கே, துங்கபத்திரைக் கரையில் ஹம்பி கிடக்கிறதே, விஜயநகர ராயர்களின் தலைநகரம், அதையே எடுத்துக்கொள்வோம். வேட்டை நாயை முயல் எதிர்த்துத் துரத்திய இடமென்றும், ஆகவே அது வெல்ல முடியாத மண்ணென்றும் கதை கட்டினார்கள். அந்தச் சகுனம் 1565-இல் எங்கே போயிற்று? தலைக்கோட்டைப் போரில் ராமராயர் தலை போயிற்று. தம்பி திருமலைராயர் பொக்கிஷத்தை யானைகளின்மேல் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போய்விட்டார். ஊர்ச்சனங்கள் கதியற்றுப் போனார்கள். அங்கே கடவுள்களுக்கா பஞ்சம்? விருபாட்சர் இருந்தார், விட்டலர் இருந்தார், ஒரே கல்லில் செய்த நரசிம்மரும் இருந்தார். அந்த நரசிம்மரின் கைகளே இன்று ஒடிந்து கிடக்கின்றன. தம் கையைக் காத்துக்கொள்ளாதவரா பிறர் தலையைக் காப்பார்?

இதை வெறும் மதச்சண்டை என்பாரும் உண்டு. அதுவும் புரட்டே. ராமராயர் ஒரு சுல்தானுக்கு எதிராக இன்னொரு சுல்தானோடு பலமுறை கூட்டுச் சேர்ந்தவர். அவருடைய சேனையிலேயே முஸ்லிம்கள் இருந்தார்கள். அரசர்களின் மண்ணாசைக்கு மதம் ஒரு போர்வை, அவ்வளவுதான்.

இன்னொன்று கேளுங்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் அங்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ் ஒரு சங்கதி எழுதி வைத்திருக்கிறார். அரசர் ஒரு பெரிய ஏரி வெட்டினார். பதினையாயிரம், இருபதினாயிரம் பேர் எறும்புபோல் மண் சுமந்தார்கள். கரை இரண்டு மூன்று முறை உடைந்தது. புரோகிதர்களைக் கேட்டால், சாமி பலி கேட்கிறது என்றார்கள். உடனே அறுபது மனிதர்களையும், குதிரைகளையும், எருமைகளையும் கோவில் வாசலில் வெட்டினார்களாம்! கரை உடைந்ததற்குக் காரணம் மண்ணில் இருக்க, கழுத்தில் தேடினார்கள்.

நம் கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பரில் மதகு உடைந்ததே, யாரை வெட்டினோம்? என்ஜினீயர்களும் தொழிலாளிகளும் வந்து புது மதகு பொருத்தினார்கள், தண்ணீர் நின்றது. யந்திரத்தோடு பழகும் ஓசூர்த் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டுமா?

ஹம்பியில் அரண்மனைகளின் அடித்தளந்தான் மிச்சம். ஆனால் அன்று பெயரில்லாத கூலிகள் வெட்டிய கால்வாய்களில் சில இன்றும் வயலுக்குத் தண்ணீர் விடுகின்றன. சகுனம் செத்தது, சிங்காசனம் செத்தது, மனிதனுடைய அறிவும் உழைப்பும் சாகவில்லை.

ஆகவே தோழர்களே, இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். இதைக் கட்டியது யார், இடித்தது யார், நடுவில் செத்தது யார் என்று கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.