ஓசையின்றி நிகழும் கொடுமை



பெற்றோரை முதியோர் இல்லத்திற் சேர்ப்பது பழிக்குரியதென்று நம்மவர் கருதிய காலம் ஒன்றிருந்தது. பிள்ளைகள் கடல் கடந்து வாழ, ஊரில் உள்ளோரும் பகல் முழுதும் தொழிலுக்குச் செல்ல, இன்று பல குடும்பங்களுக்கு அது தவிர்க்கவியலாததாயிற்று. அதனைக் குறைகூறல் என் நோக்கமன்று. சேர்த்த பின்னர் நம் கடமை யாது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கொடுமை என்றதும் அடித்தலும் வைதலுமே நம் நினைவுக்கு வருகின்றன. புறக்கணிப்பும் கொடுமையே. அடிபட்டவர் அலறினால் அயலார் கேட்பர். வேளைக்குத் தண்ணீர் கிடைக்காதவரின் வாட்டம் எவர் செவிக்கும் எட்டுவதில்லை. செல்வம் மிக்க அவுஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பை ஆராய 2018ஆம் ஆண்டில் அரச ஆணைக்குழுவொன்று நிறுவப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த அதன் இடைக்கால அறிக்கைக்கு இடப்பட்ட தலைப்பு 'புறக்கணிப்பு' என்னும் ஒரே சொல்லாகும். 2021இல் வெளிவந்த இறுதி அறிக்கையோ 148 பரிந்துரைகளைக் கூறிற்று. பணமும் சட்டமும் நிறைந்த நாட்டிலேயே இந்நிலையெனின், விழிப்பு எங்கும் வேண்டற்பாலதன்றோ?

இதனை அறிவது எங்ஙனம்? முதியவரின் உடலே சாட்சி கூறும். உடைகள் தளர்ந்து தொங்குதல், கட்டிய பற்கள் வாயிற் பொருந்தாது கழலுதல் ஆகியன மெலிவின் அடையாளங்கள். நாக்கு வரண்டு, சிறுநீர் கடுநிறமாகி, தெளிவாயிருந்தவர் திடீரெனத் தடுமாறிப் பேசுவாராயின், நீர் போதாமை காரணமாகலாம். எழ இயலாதவரின் குதிகாலையும் இடுப்பையும் முதுகின் அடியையும் பாருங்கள். அவரை வேளைக்கு வேளை புரட்டிப் படுக்க வைக்காவிடிற் படுக்கைப் புண் தோன்றும். இரு புயங்களிலும் விரற்பதிவு போன்ற கன்றலோ, மணிக்கட்டிற் கட்டிய தழும்போ இருப்பின் வினாவுதல் வேண்டும். பகலெல்லாம் உறங்குவாராயின், நித்திரைக் குளிசை கொடுக்கப்படுகிறதா, அதனை விதித்த வைத்தியர் யார் எனக் கேளுங்கள். ஓய்வூதியப் பணம் எங்கே செல்கிறது, எந்தக் கடதாசியிற் கைந்நாட்டுப் பெறப்பட்டது என்பனவும் கவனிக்கத்தக்கன.

ஒரு கன்றலைக் கண்டவுடனே குற்றஞ்சாட்டிவிடலாகாது. முதியோரின் தோல் மெலிது. குருதி உறையாதிருக்க மருந்து உண்போருக்குச் சிறு இடியும் பெருங்கறையாகும். ஓர் அடையாளம் ஐயத்துக்கு இடந்தரும். பல அடையாளங்கள் சேர்ந்து, ஒரே விடை ஒவ்வொரு முறையும் வேறு வேறாகச் சொல்லப்படுமாயின், அது எச்சரிக்கையாகும்.

முதியவரை நேரே கேட்டால் "எனக்கொரு குறையுமில்லை" என்பார். நாம் சென்றபின் அதே கரங்களிலிருந்தே அவர் உணவு பெற வேண்டியவர் அல்லவா? ஆதலின், பணியாளர் அருகில் இல்லாதபோது, தனியே, ஆறுதலாகப் பேசுங்கள். பரிசோதகர் வரும் நாள் முன்னரே தெரிந்தாற் பாடசாலை எவ்வளவு தூய்மையாயிருக்கும் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் நன்கறிவர். எனவே சொல்லாமற் செல்லுங்கள்; உணவு வேளையிலும் மாலையிலும் மாறிமாறிச் செல்லுங்கள்.

ஐயம் உறுதிப்பட்டாற் செய்யத்தக்கது யாது? முதலில் வைத்தியரிடம் காட்டிக் காயத்துக்குப் பரிகாரம் தேடுங்கள். கண்டவற்றை நாள், நேரம், இடம் என்பவற்றுடன் எழுதி வையுங்கள். அடுத்து இல்லத்தின் பொறுப்பாளரிடம் அமைதியாக முறையிடுங்கள். பலருக்கு ஒருவராய் அல்லும் பகலும் உழைக்கும் பணிப்பெண்ணை ஏசுவதாற் பயனில்லை. ஆட்குறையே காரணமாயின் அதனைத் தீர்க்க வேண்டியவர் பொறுப்பாளரே. அங்கு நீதி கிட்டாவிடின், பிரதேச செயலகத்தில் முதியோர் நலனுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையோ, முதியோருக்கான தேசிய செயலகத்தையோ நாடுங்கள். அடி, காயம், களவு ஆகியவற்றுக்குப் பொலிசாரிடம் செல்லத் தயங்கற்க. உயிருக்கு ஆபத்தெனத் தோன்றின், இப்படிகளுக்குக் காத்திராது முதியவரை அங்கிருந்து உடனே அகற்றுக.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. அறுபது வயதை எய்தியோர் அதன்படி முதியோராவர். முதியோருக்குச் சேவை புரியும் நிறுவனங்கள் பதிவு பெறல் வேண்டும் என்பதும் அதன் விதியாகும். ஆதலின் ஓர் இல்லத்தைத் தெரிவுசெய்யுமுன் பதிவுப் பத்திரத்தைக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை.

ஆயினும் சட்டம் தினமும் கட்டிலருகே வந்து நிற்கமாட்டாது. அங்கு வந்து நிற்கக்கூடியவர் உறவினரே. தேடி வர ஆளுண்டு என்று அறியப்பட்ட முதியவரை அலட்சியஞ் செய்ய எவரும் தயங்குவர். தேட எவருமற்றோரும் அதே மண்டபத்திற் படுத்திருக்கின்றனர். உங்கள் தாயைப் பார்க்கச் செல்லும்போது, அடுத்த கட்டிலில் இருப்பவரின் தண்ணீர்க் குவளையையும் ஒருமுறை பாருங்கள்.